ஆராயி காட்டிய மூலை

மண்தவளையைப் பற்றி ஆராயிக்குத் தெரிந்த அளவு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. மயில்சாமியின் மூன்று ஏக்கர் செம்மண் காட்டை வாரத்துக்கு எடுத்து, விளைந்ததில் பாதியை அவருக்கு அளந்துவிட்டுப் பன்னிரண்டு வருடமாகக் கடலை போட்டு வந்தாள். கொத்தும்போது உருண்டையாக ஒரு தவளை புரண்டு வரும். பின்னங்காலால் மண்ணைத் தள்ளி, பின்பக்கமாகவே உள்ளே இறங்கி, அடுத்த மழை வரை தூங்குகிற சீவன். அடிபடாமல் எடுத்து வரப்போரம் புதைத்துவிடுவாள். கோடையில் ஈரத்தைத் தேடி அவை ஆழமாகப் போய்விடும். வடகிழக்கு மூலையில் மட்டும் சித்திரையிலும் முழ ஆழத்தில் கிடக்கும்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பி மயில்சாமி இரண்டு இடத்தில் போர் போட்டார், புழுதிதான் வந்தது. ஆராயியிடம் வந்தார்.

"ஏம்புள்ள ஆராயி, தவளை எங்க மேலாப்புல கெடக்குதுன்னு சொல்லு."

"சொல்றனுங்க சாமி. ஆனா காடு எங்கையிலயே இருக்கோணும்."

அங்காளம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார் மனுசன். ஆராயி மூலையைக் காட்டினாள்.

ரிக் வண்டி இடித்த இடியில் காடே அதிர்ந்தது. மழைதான் என்று தவளைகள் நம்பிவிட்டன போல. உச்சி வெயிலில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மழை எங்கே? காக்காய்களுக்குத்தான் கொண்டாட்டம். ஆராயி ஓடி ஓடி மடியில் அள்ளிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

ஒன்பதாம் நாள் காட்டைச் சுற்றி முள்வேலி.

"தண்ணி வந்த காட்டை எவனாச்சும் வாரத்துக்கு உடுவானா? கூலிக்கு வா, வேண்டாங்கல" என்றார் மயில்சாமி. ஆற்றைக் கடக்கும் வரைக்கும்தானே அண்ணன் தம்பி!

ஈரமண் சட்டியில் வைத்திருந்த நாலு தவளைகளை ஏரிக்கரையில் புதைக்கும்போது ஆராயி வாய்விட்டு அழுதாள். அவர் தன்னை ஏமாற்றியதில் வயிறெரிந்தது. தான் இவற்றை ஏமாற்றியதில் அதைவிட எரிந்தது.

வயிறு ஒன்று இருக்கிறதே! அதே காட்டில் அவருடைய மஞ்சளுக்குக் கூலிக்குக் களை வெட்டினாள். நாலு வருடத்தில் போர் வற்றியது. மயில்சாமி அவள் வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, தெக்காலக் காட்டுல தவளை எங்க கெடக்குதுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க சாமி" என்றாள் ஆராயி. "சொல்லமாட்டேன்."