வெள்ளிக்கிழமை வைக்கோல்

லண்டனில் ஒரு நகரப் பண்ணையில் பன்றிகளைப் பராமரிப்பது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்ததும் மனைவியோடு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவேன்.

"அண்டைக்கு ஒருநாள் எண்டாலும் பண்டிக் கூட்டுக்குள்ளை இறங்காதேங்கோ. எவ்வளவு குளிச்சாலும் மணக்குது" என்பாள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஈர வைக்கோலை அள்ளாமல், வெளியில் நின்றபடியே அதன்மேல் புதியதைத் தூவிவிடுவேன். பார்வைக்குக் கூடு பளிச்சென்று இருக்கும்.

போன வாரம் பால்குடி மாறாத குட்டிகளுக்கு மஞ்சளாகக் கழிந்தது. சோதித்த மிருக வைத்தியர் குடலில் ஒட்டுண்ணி என்றார். ஈரச் சாணத்தில் ஒரு நாள் கிடந்தாலே அதன் முட்டைகள் முற்றித் தொற்றிவிடுமாம்.

"தினமும் அள்ளுகிறீர்கள்தானே?" என்று கேட்டார். வெட்கங்கெட்ட தலை, ஆமென்று ஆடியது.

இன்று வெள்ளிக்கிழமை. கூட்டை முழுதாக அள்ளிக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். மனைவி காரில் காத்திருந்தாள்.

"இந்தக் கோலத்திலையோ அம்மனிட்டை வரப்போறியள்?"

"நான் வரேல்லை. நீர் போயிட்டு வாரும்."

கார் போனதும் மறுபடி கூட்டுக்குள் இறங்கினேன். எலும்பும் தோலுமாய் இருந்த ஆகச் சின்னக் குட்டி, தள்ளாடி வந்து என் விரலைச் சப்பியது.

"விசரா, போயும் போயும் என்னட்டையே வாறாய்?" என்றேன்.