வழி கேட்ட மருத்துவர்

நான் சிறை அலுவலராக இருந்தபோது, நரைத்த தலையும் பெரிய துணிப்பையுமாக மனநல மருத்துவர் அம்மா ஒருவர் வருவார். கிழமையைக்கூடத் தவறாகச் சொல்வார். நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன்.

கொலை வழக்கில் சிக்கிய ஆட்டோக்காரன் ஒருவன், தனக்கு எல்லாமே மறந்துவிட்டது என்று சாதித்தான். விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலை அவனுக்கு இல்லை என்று இவர் எழுதிவிட்டால் வழக்கு நின்றுவிடும்.

"என்னப்பா வேலை பார்த்தே?" என்று மருத்துவர் அவனைக் கேட்டார்.

"தெர்லம்மா."

மருத்துவர் எழுந்து என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு சாந்தோம்லேர்ந்து அடையாறு போகணும் சார். மேற்கு மாம்பலம் வழியா போயிடறேன்."

நான் வாய் திறப்பதற்குள் அவன் கத்தினான். "இன்னாம்மா, ஊரைச் சுத்திக்கினு போற? ஆர்.ஏ.புரம் வழியா நேரா போம்மா!"

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்று அவர் மறுபடி உட்கார்ந்தார். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

வாசலில் என்னிடம் கேட்டார்: "இன்னிக்கு செவ்வாய்தானே சார்?"

அன்று புதன். இதுவும் தூண்டில்தான், திருத்தக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆமாம் மேடம்" என்றேன்.

"அட, பொய்யும் சொல்வீங்களா!" என்று சிரித்தபடி போய்விட்டார்.

என்னைப் பற்றி எங்கே, என்ன எழுதிவைத்திருக்கிறாரோ!