மைனி தெற்றி வைத்த இடம்

தெற்றி பூத்து நிற்கும்போதுதான் ஸ்டெல்லா மைனி போவார் என்று நான் அப்போதே சொன்னேன். காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போனில், "எலே, அவ போயிட்டா" என்றபோது, அடுக்களைப் பக்கம் சிவப்புக் கொத்துகள் குடை குடையாக விரிந்திருந்தன. தெற்றி என்றால் இட்லிப்பூதானே, அது பூக்காத மாதம் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அண்ணன் மனைவியான மைனி பொழியூர்க் கடற்கரைக்காரர். பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் செம்மண் மேட்டுக்கு வாழ வந்தவர். சில வருடங்களுக்கு முன்பு கடல் ஏறி ஏறி அவருடைய அம்மை வீட்டுப் படி வரை வந்துவிட்டது. மைனிக்கு முட்டுவலி, பஸ் ஏற முடியாது.

"வீடு போனா போட்டு தம்பி. படியோரம் நிக்குத தெற்றிய மட்டும் எடுத்துத் தா. அம்மை வச்சதாக்கும்."

போனேன். ஆள் உயர அலையில் இறங்கி, செடியை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன். வேர் மண்ணை மைனி விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புது மதிலோரம் வைப்போம் மைனி. ரோட்டுல போறவன் எல்லாம் பாப்பான்" என்றேன்.

"பாத்தா செடிக்கு என்னலே கிட்டும்? சிமெண்டு ஊறி இறங்குத இடம். தெற்றி இலை மஞ்சளிச்சுப் போவும்."

காலை வெயில் விழுகிற, மழைத்தண்ணீர் தேங்காத அடுக்களைச் சரிவைக் காட்டினார். குழி வெட்டி, சருகும் சாணமும் போட்டோம்.

"மணல்ல நின்னதில்லா, செம்மண்ணு பிடிக்குமா?" என்றேன்.

"பிடிக்கும். அதுக்குப் பழகின மண்ணுதான்" என்று சிரித்தார்.

செடி தென்னை உயரம் வளர்ந்தது. சரி, ஓட்டு இறவாணம் வரை. வருகிறவர்களிடமெல்லாம் மைனி, "எங்க அம்மை வீட்டுச் செடியாக்கும். தம்பி கடல்ல இறங்கி எடுத்தான்" என்பார். அலையின் உயரத்தை என்னைவிட ஒரு முழம் கூட்டியே சொல்வார். கடைசியில் அந்தச் செடிப் பூவைத்தான் அவர் கையில் வைத்தோம்.

மைனி, சமாதானமாகப் போய் வாருங்கள். கதையில் ஒன்று மட்டும் நான் கட்டியது. அன்று நான் போய்ச் சேருமுன் படியும் இல்லை, தெற்றியும் இல்லை, கடல்தான் இருந்தது. திரும்பும் வழியில் பனச்சமூட்டு நர்சரியில் வாங்கினேன். வேரில் இருந்தது செம்மண்.