புத்தகத்தில் இல்லாத மாமி

புஸ்பத்துக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாவிக்கரையில் மீன்காரர் போட்ட கொட்டில், அதுதான் வாடி, அதில் அவளோடு ஒன்றாக இருந்து இறால் உரித்தவள் நான், அன்னப்பூரணி. எனக்குத் தெரியாதா!

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் ஊர் பனிச்சங்கேணியை விட்டு எல்லோரும் ஓடினோம். புஸ்பத்துக்குத் தாயும் போய், வீடும் எரிந்தது. டவுனில் கன்னியர் மடத்தில் அடைக்கலம் இருந்தபோது ஒரு சிஸ்டரிடம் தையலும் இங்கிலீசும் படித்தாள். அந்தச் சிஸ்டரின் அலுமாரி நிறையக் கதைப் புத்தகங்கள். எல்லா அட்டையிலும் தொப்பி போட்ட ஒருத்தி, குதிரையோடு ஒருத்தன், பின்னால் ஒரு தேவாலயம். ஊர் திரும்பும்போது சிஸ்டர் அவற்றில் சிலதைக் கொடுத்தனுப்பினார்.

பின்னேரங்களில் இறால் உரிக்கும்போது புஸ்பம் அந்தக் கதைகளைத் தமிழில் சொல்வாள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற சனம். ஆனாலும் விழுந்துபோனோம். எட்வேட் என்கிற அந்த மாப்பிள்ளை மார்கரெட்டின் கையைத் தொடுவதற்கே செபம் பண்ணுவான். பாதிப் புத்தகம் போயும் ஒரு முத்தம் கிடையாது. "இவன் என்னகா, ஆம்பிளையா மரக்கட்டையா?" என்று ஏசிக்கொண்டே மறுநாளும் வந்து குந்துவோம். அந்தக் கதைகளிலும் சண்டை நடந்தது. ஆனால் சண்டைக்குப் போனவன் கடைசி அத்தியாயத்தில் கட்டாயம் திரும்பி வந்தான். அதற்காகவே கேட்டோம். எங்கள் வாடியில் எத்தனை பேருக்கு அப்படிப் போனவன் திரும்பி வந்தான்?

எட்வேட் காணாமற்போன கிழமை சீதேவிப்பிள்ளை மாமி சித்தாண்டி முருகனுக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டாள். கதைப் பைத்தியம் அவளுக்குத்தான் அதிகம். "மறுகா? மறுகா என்ன நடந்த?" என்று கேட்டு, புஸ்பத்தை மூச்சுவிட விடமாட்டாள்.

மாமியின் ஒரே மகன் கோணாமலை. வாவியில் பிடித்த இறாலைக் கொண்டுவந்து கொட்டுவான், கொட்டிவிட்டுப் போகமாட்டான். அவன் புஸ்பத்தைப் பார்க்க, அவள் இறாலைப் பார்க்க, நாங்கள் இரண்டு பேரையும் பார்ப்போம். எங்கள் பகுதியில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவான். புஸ்பம் ஒண்டியிருந்ததோ என் குசினிச் சாய்ப்பில், அடுப்புக்குப் பக்கத்தில். "வீடில்லாத பொம்பிளைய முடிச்சு என்ட மகன் எங்க போய்ப் படுக்கிற?" என்று மாமி வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் அந்தக் கதையில் எட்வேட் திரும்பி வந்து, மார்கரெட்டை வண்டியில் ஏற்றித் தன் மாளிகைக்குக் கூட்டிப்போனான். வாடியே கொதித்தது.

"மாப்பிள்ளை வீட்ட போறவளா? வெக்கங்கெட்டவள்! அவள்ட தாய் வீடு குடுக்கல்லியா?" என்றாள் மாமி.

புஸ்பம் புத்தகத்தை மெல்ல மூடினாள். "பொறுங்க மாமி, நடுவில ஒரு துண்டை விட்டுப்போட்டன். மார்கரெட்ட வீடு சண்டையில எரிஞ்சுபோன. வீடில்லாதவள் வேணாம் எண்டு எட்வேட்ட தாய் சொல்லிட்டா."

"இவ்வளவு நாளும் இந்தத் தாய் எங்க இருந்தவ?" என்று நான் கேட்டேன். கிள்ளினாள் பாருங்கள் ஒரு கிள்ளு!

அதன் பிறகு வாடியில் அந்தத் தாயின் ராச்சியம்தான். எட்வேட் சாப்பிடாமல் கிடந்தான், எலும்பானான், குதிரையில்கூட ஏற முடியவில்லை. கடைசியில் மாமிதான் வெடித்தாள். "அறுதலி! பெத்த புள்ள சாகக் கிடக்கான், அவளுக்கு வீடு கேக்குதோ? இந்தக் காலத்தில ஆருக்குகா வீடிருக்கு?"

நாங்கள் எல்லோரும் மாமியையே பார்த்தோம். கோணாமலை தொண்டையைச் செருமினான். மாமி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எழும்பினாள், போய்விட்டாள்.

பிறகு அவள் வாடிப் பக்கமே வரவில்லை. கோணாமலையும் வரவில்லை. "நானே கெடுத்துப்போட்டன் அக்கா," என்று புஸ்பம் என் குசினியில் இருந்து அழுதாள். நான் தேத்தண்ணி ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு பின்னேரம் மாமி புழுதி படிந்த சீலையோடு வந்து நின்றாள். "டவுனுக்குப் போய் வாறன். சென்றியில மறிச்ச ஆமிக்காரன் எங்க போற எண்டான். கதையொண்டு கேக்கப் போறன் எண்டன். அவன் சிரிச்சுப்போட்டு விட்டான்." புஸ்பத்தை முறைத்தாள். "உன்ட சிஸ்டரக் கண்டன். எட்வேட்டுக்குத் தாயே இல்லையாம். கள்ளி, என்னையெல்லோ அதுக்குள்ள போட்டிருக்காய்!"

புஸ்பம் காலில் விழுந்தாள்.

"எழும்பு புள்ள. எனக்குப் பொம்பிளப் புள்ள இல்ல. என்ட தாய் தந்த வீடு ஒரு மகளுக்குத்தானே போகணும்? அத உனக்குத் தாறன்."

"மகளெண்டால் கோணாமலைக்குத் தங்கச்சியெல்லோ மாமி?" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"வாயப் பொத்துகா! மருமகளும் மகள்தான்."

கலியாணத்துக்கு முதல்நாளே மாமி மகனைக் கூட்டிக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். முறை முறைதானே! மறுநாள் மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டாராக வந்து, தன் சொந்த வீட்டுப் படலைக்கு வெளியே நிமிர்ந்து நின்றாள். பெண்வீட்டார் நாங்கள், சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்சம் பிந்திவிட்டோம். "சம்பந்தி வந்து நிக்கன், வா எண்டு சொல்ல இந்த வீட்டில ஆளில்லையா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

வாசலுக்கு வந்தாள் புஸ்பம். எத்தனையோ வருசமாகப் பிறத்தியார் வீட்டில் ஒண்டியிருந்தவள்.

"வாங்க மாமி, என்ட வீட்டுக்குள்ள வாங்க."

தான் பிறந்த வீட்டுக்குள் சீதேவிப்பிள்ளை விருந்தாளியாகக் கால் வைத்தாள்.