அந்தோணி அங்கிளுக்கு எழுதிக் கொடுத்த கடிதம்

டெல்லி துவாரகாவில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியின் லிஃப்டில் இன்று காலை ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பால்கனிக் கம்பியில் துணி காயப் போடுபவர்கள் விதிகளை ‘கான்ட்ரவீன்’ செய்கிறார்கள் என்று எழுதியிருந்தது. மீறுகிறார்கள் என்பதற்கு ஆபீஸ் இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள். நாலாவது மாடியில் இறங்க வேண்டிய நான் ஏழாவது மாடி வரைக்கும் போய்விட்டேன். அந்த வார்த்தையைப் பார்த்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும். ஏன் என்று இப்போது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸின் பசை இன்னும் காயவில்லை. அந்த வாசனை என்னை நான் வளர்ந்த ஆர்.கே.புரத்து சர்க்கார் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. அப்பா ஒரு மந்திரி இலாகாவில் அசிஸ்டென்ட். ஆபீஸில் வேண்டாமென்று கழித்த சுற்றறிக்கைகளை, பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று எனக்குக் கணக்குப் போடக் கொண்டுவருவார். ஓரமெல்லாம் கோந்து மணக்கும். கணக்கு வராதபோது திருப்பி முன்பக்கத்தைப் படிப்பேன். கணக்கு அடிக்கடி வராது என்பதால் நிறையவே படித்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளியில் இங்கிலீஷ் கட்டுரைக்காக ஒரு டிபன் டப்பா பரிசு வாங்கியிருந்தேன். அந்த டப்பாவின் கனம் முழுக்கத் தலையில் ஏறியிருந்தது. சுற்றறிக்கைகளில் ‘வித்தவுட் கான்ட்ரவீனிங் தி ரூல்ஸ்’ என்று திரும்பத் திரும்ப வரும். விதிகளை மீறாமல் என்று அர்த்தம். நானோ அந்த ‘வித்தவுட்’டை விட்டுவிட்டுப் படித்திருக்கிறேன். விதிப்படி நடப்பதற்குத்தான் இப்படி ஒரு கம்பீரமான சொல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டிக்‌ஷனரி பார்ப்பது இங்கிலீஷ் தெரியாதவர்களின் வேலை என்று எண்ணம்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் அந்தோணி அங்கிள் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம். சர்க்கார் ஜீப் ஓட்டுபவர். அவர் மனைவியின் தங்கை நர்ஸ் வேலைக்காக டெல்லிக்கு வந்து அவர்களோடு தங்கியிருந்தாள். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள், அவர் சர்க்கார் கொடுத்த வீட்டை விதியை மீறி உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று. ஒரு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அங்கிள் மாடியேறி என்னிடம் வந்தார்.

“பாப்பா, இந்தின்னா நான் சமாளிச்சுருவேன். இங்கிலீஷ் ஆகாது. இவ என் கொழுந்தியா, வாடகைக்கு வைக்கலன்னு எழுதிக் குடுத்துரு. ஒன் இங்கிலீஷ் நல்லாருக்கும்னு அம்மா சொன்னாவ.”

எழுதினேன். கொழுந்தியாளைப் பற்றி இரண்டு வரி. அதற்குமேல் என் சொந்தச் சரக்கு: கடந்த பதினோரு வருஷமாக நான் எல்லா விதிகளையும் கான்ட்ரவீன் செய்து வந்திருக்கிறேன், இனியும் செய்வேன். படித்துக் காட்டியபோது அங்கிள் கைகட்டிக்கொண்டு கேட்டார். ஊரிலிருந்து வந்த மக்ரூன் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். அன்றைக்கே முழுவதையும் தின்று தீர்த்தேன். அவர் அதை ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பள்ளி நூலகத்தில், டீச்சர் சொன்னதற்காக டிக்‌ஷனரியில் வேறு ஏதோ வார்த்தை தேடும்போது இந்த வார்த்தை கண்ணில் பட்டது. மறுபடி மறுபடி படித்தேன். அர்த்தம் மாறவில்லை.

அன்று சாயங்காலம் அங்கிள் வந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“அந்த ஆபீசர் லெட்டரைப் படிச்சிட்டுச் சிரிக்காரு பாப்பா. நாலு பேரைக் கூப்ட்டு சத்தமாப் படிச்சுக் காட்டுதாரு. ஒரு வார்த்தைல வெரல வச்சு, இதுக்கு அர்த்தம் தெரியுமாய்யான்னு கேக்காரு. என்னம்மா அர்த்தம் அதுக்கு?”

சொல்லியிருக்கலாம். திருத்தி எழுத அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரூல்ஸ்படி நடக்கிறதுன்னுதான் அர்த்தம் அங்கிள். அவங்களுக்குத்தான் தெரியல” என்றேன்.

“அதான பார்த்தேன்” என்றார். முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய், வார்த்தை சரிதான், வேண்டுமானால் புத்தகத்தைப் பாருங்கள் என்று அந்த அதிகாரியிடம் இந்தியில் சொல்லியிருக்கிறார். அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். அங்கிளையும் பார்க்க வைத்து, பக்கத்திலிருந்தவரைவிட்டு இந்தியில் அர்த்தம் சொல்லவைத்தார். அங்கிளின் மனைவி அம்மாவிடம் அழுதபோது கேட்டதுதான் இதெல்லாம். எழுதியது நான் என்று அங்கிள் அங்கே சொல்லவில்லை. ஆன்ட்டிக்கே தெரியாதோ என்னவோ.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்த அன்று, ஊரிலிருந்து திரும்பியிருந்த அப்பாவிடம் அங்கிள் காகிதங்களைக் காட்டினார். நான் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

“யாரு எழுதினது இதை?” என்றார் அப்பா.

“ஆபீஸ் வாசல்ல டைப் அடிக்கிறவன் சார். அவனே எழுதிக் குடுத்தான்.”

“சரியான முட்டாளா இருப்பான் போலிருக்கே.”

அங்கிள் காகிதங்களை அப்பா பக்கம் நகர்த்தினார். எனக்குத் திரையை விலக்கிக்கொண்டு போக நாலு அடிதான். போகவில்லை. அப்பா உட்கார்ந்து நல்ல இங்கிலீஷில் இன்னொரு மனு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதிலே வரவில்லை. என் கடிதம் இல்லாவிட்டாலும் உத்தரவு வந்திருக்குமோ என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்படி யோசிக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு வெறுப்பு வரும்.

கொழுந்தியா ஹாஸ்டலுக்குப் போனாள். அங்கிள் குடும்பம் உத்தம் நகர்ப் பக்கம் எங்கோ போனது. சாமான் ஏற்றும்போது என்னைப் பார்த்து, “நல்லாப் படி பாப்பா” என்றார். அதில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் கடைசிவரை நானும் சொல்லவில்லை, அம்மாவும் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது அவரும் இல்லை. போன வருஷம் ஒரு கிருத்திகையன்று ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போய்விட்டு, காலாற எங்கள் பழைய பிளாக் வரை நடந்தேன். வாசலில் நின்ற வேப்பமரமும் இல்லை, குவார்ட்டர்ஸ் வரிசையும் இல்லை. தகரம் அடைத்து, உள்ளே பெரிய பள்ளம் தோண்டியிருந்தார்கள். பல மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். வாசல் காவலாளி எழுந்து வந்து, யார் வீட்டுக்குப் போகணும் என்று இந்தியில் கேட்டார்.

அந்தோணி அங்கிளின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. யார் வீட்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.