அக்கா கொடுத்த ஐபோன்

ரத்னாவிடம் ஐபோன் வந்த கதையைப் பெரும்பாக்கம் குடியிருப்பில் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அவளைப் பிடிக்காதவர்கள் திருடியது என்பார்கள். பிடித்தவர்கள் கொடுத்துவைத்தவள் என்பார்கள். இரண்டும் பொய். ஆழ்வார்பேட்டையில் அவள் வேலை செய்த வீட்டுக்காரி வசுமதி புது மாடல் வாங்கினாள், பழையதை என்ன செய்வதென்று யோசித்தாள், எதிரே ரத்னா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

ரத்னாவுக்கு நாற்பது வயது. அடையாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே கயலைப் பெற்றவள். கரையோர வீடுகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டியபோது வீடு மட்டும்தான் போனது, வேலை ஆழ்வார்பேட்டையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து விடிவதற்குள் ஒரு பஸ், அடையாரில் இறங்கி இன்னொரு பஸ். புருஷன் சின்னப்பையன் லோடு வண்டி ஓட்டுகிறான். கயல் நந்தனம் காலேஜில் முதல் வருஷம்.

ஐபோனுக்கு முன்னால் அவளிடம் இருந்தது ஒரு ஆண்ட்ராய்டு. மூலையில் கண்ணாடி விரிசல், மத்தியானத்துக்குமேல் சார்ஜ் நிற்காது, படம் எடுத்தால் எல்லார் முகமும் புகை மூட்டத்தில் இருப்பதுபோல் விழும். ஆனால் அது அவள் போன். அழுத்திப் பிடித்து இழுத்தால் திரையில் இருக்கிற ஒவ்வொன்றும் நகரும் என்று ஒருநாள் பஸ் நெரிசலில் தானாகவே கண்டுபிடித்தாள். பிறகு விடுவாளா? வாட்ஸாப்பையும் டார்ச்சையும் கட்டைவிரல் எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். வேண்டாததையெல்லாம் பின்பக்கத்துக்குத் தள்ளினாள். எழுத்தைக் குண்டாக்கினாள், பின்னணியை வேப்பிலைப் பச்சையாக்கினாள். ஆளுக்கொரு சத்தம் வைத்தாள். சின்னப்பையன் கூப்பிட்டால் அவன் குரலிலேயே, "ஏ ரத்னா, போனை எடு" என்று கத்தும். பாத்திரம் தேய்க்கும்போது கையெல்லாம் சோப்பு. சத்தத்தை வைத்தே கையைக் கழுவலாமா, கத்தட்டும் என்று விடலாமா என்று முடிவெடுப்பாள். சொந்த வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஆயிரம் பேரிடம் கேட்க வேண்டியிருந்தவளுக்கு, அந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் எதை எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லை.

வசுமதி ஐபோனைத் துடைத்து, உறை மாட்டி, தட்டில் வைக்காத குறையாகக் கொடுத்தாள். ரத்னாவின் சிம்மைப் போட்டுக்கொடுத்ததும் அவள்தான். வசுமதியின் புருஷன் ஷ்ரவண், சாஃப்ட்வேர்க்காரன், இதற்கு ரத்னா பேரில் தனியாக ஒரு ஆப்பிள் ஐடி போட்டுவிட வேண்டும் என்றான். வசுமதிதான் வேண்டாம் என்றாள்.

"தனியா ஐடியெல்லாம் உனக்கெதுக்கு ரத்னா? என்னோடதே இருந்துட்டுப் போகட்டும். பாஸ்வேர்டெல்லாம் நீ எங்க ஞாபகம் வச்சுண்டிருக்கப்போறே?"

ரத்னாவுக்கு அது கரிசனமாகத்தான் பட்டது. ஐபோன் வைத்திருப்பவள் என்று பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற நினைப்பு வேறு. ஆண்ட்ராய்டைக் கயலுக்குக் கொடுத்தாள். அவள் அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொண்டாள்.

புதுப் போனில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று முதல் வாரம் ரத்னா எல்லாரிடமும் சொன்னாள். சார்ஜ் நின்றது, திணறவில்லை, படம் கல்யாண ஆல்பம் மாதிரி விழுந்தது. இரண்டாம் வாரம் எரிச்சல் ஆரம்பித்தது. பின்னால் போகிற பொத்தானைத் தேடித்தேடி விரல் அலைந்தது. சின்னப்பையன் குரலை அழைப்புச் சத்தமாக வைக்க முடியுமா என்று கயலைக் கேட்டாள். அவள் அரைமணி நேரம் மல்லாடிவிட்டு, அது பெரிய சுத்துவேலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தூக்கிப் போட்டாள். அந்த நாளை வரவேயில்லை. யார் கூப்பிட்டாலும் ஒரே சத்தம். அதைவிட, புதிதாக ஒரு ஆப் போட வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு வசுமதியிடம். பஸ் நேரம் பார்க்கிற ஆப்புக்குக்கூட ரத்னா போனை நீட்டிக்கொண்டு நிற்பாள். வசுமதி அது எதற்கு, இது எதற்கு என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிப் போட்டுக்கொடுப்பாள்.

கயல் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "இது இன்னும் அவங்க போன்தாம்மா. உன் கையில கீது, அவ்ளோதான்."

படித்த திமிர் என்று ரத்னா அவளை அடக்கினாள். உள்ளுக்குள் கோபம் வந்தது என்னவோ நிஜம், ஆனால் யார்மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வசுமதி கெட்டவள் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத விஷயம். கெட்டவளாக இருந்தால் ரத்னா சுதாரித்திருப்பாள். ஐடி ஒன்றே என்பதால், ரத்னா சேர்க்கிற பெயரும் நம்பரும் தன் போனிலும் வந்து விழுவதை வசுமதி மறைக்கவில்லை. "கறிக்கடை பாயெல்லாம் என் ஃபோன்ல உக்காந்துண்டிருக்கார்டீ" என்று சிரித்தாள். ரத்னாவும் கூடச் சிரித்தாள். அவள் தெருமுனை திரும்பும்போதே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவாள் வசுமதி, மணி அடிக்கும் முன்னால் கதவு திறக்கும். மனசில் பாசம் இருந்தால்தான் இப்படித் தெரியும் என்று ரத்னா பெரும்பாக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது. போன் எங்கே வருகிறது என்று வசுமதியின் திரையில் ஒரு புள்ளி காட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அடையார் வேலை வந்தது. பஸ் மாறுகிற இடத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி, சமையல்கட்டில் ஆள் வேண்டும். ஒரே பஸ், வாரத்தில் ஒருநாள் லீவு, கூட வேலை செய்ய நாலைந்து பெண்கள். ரத்னாவுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகப் பட்டது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வீட்டில் தனியாகக் குனிந்து நிமிர்ந்தவளுக்கு, பேசிக்கொண்டே காய் நறுக்குகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே ஆசையாக இருந்தது. முழங்கால் வேறு இரண்டாவது பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தது. இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

கயலுக்குக் காய்ச்சல், வீட்டில் இருக்கிறேன் என்று வசுமதிக்குச் சொல்லிவிட்டு அடையாருக்குப் போனாள். விடுதி வார்டன் அஃப்சருன்னிசா நிதானமான பெண்மணி. முட்டைக்கோஸ் நறுக்கச் சொல்லிப் பார்த்தாள், வீடு எங்கே, குடும்பம் எப்படி என்று கேட்டாள், திங்கட்கிழமை வந்துவிடு என்றாள். வெளியே வந்ததும் ரத்னா வாசலிலேயே நின்று நம்பரைப் பதித்துக்கொண்டாள். அடையார் ஆஸ்டல் மேடம். பதித்துவிட்டு ஒரு இளநீர் குடித்தாள்.

சேர்ந்த பிறகு வசுமதியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், வேறு ஆளும் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மறுநாள் வேலைக்குப் போனபோது வசுமதி கயலுக்கு எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். தேவலை என்றாள் ரத்னா.

திங்கட்கிழமை அஃப்சருன்னிசா அவளை உள்ளே கூப்பிடவில்லை. வாசல் பெஞ்சிலேயே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வீட்டம்மா போன் பண்ணாங்கம்மா. கோபமாப் பேசல, வருத்தமாத்தான் பேசினாங்க. பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிட்டு இங்க வந்தீங்களாமே. இங்க சின்னப் பொண்ணுங்க நிறைய பேரு இருக்காங்க. பொய் சொல்றவங்கள நான் எப்படி வெச்சுக்கறது?"

உங்க நம்பர் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது என்று ரத்னா கேட்கவில்லை. கயல் சொன்னதும், கறிக்கடை பாயும், மணி அடிக்குமுன் திறந்த கதவும் எல்லாம் அந்தப் பெஞ்சிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பொய் சொன்னது நிஜந்தானே என்று ஒரு பக்கம் வெட்கம். ஆத்திரம் இன்னொரு பக்கம்.

நேராக ஆழ்வார்பேட்டைக்குப் போனாள். தெருமுனை திரும்பியதும் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, போனின் பக்கவாட்டு ஓட்டையில் குத்தி, சிம்மை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கும் மணி அடிக்குமுன் கதவு திறந்தது.

வசுமதி கத்தவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானே அனுப்பிவைத்திருப்பேன், பொய்தான் எனக்குத் தாங்கவில்லை, எங்காத்து மனுஷியாட்டம்தானே உன்னை வைத்திருந்தேன் என்றாள். கண்கூடக் கலங்கியிருந்தது. ரத்னா போனை டைனிங் டேபிளில் வைத்தாள்.

"நான் ஒரு நாளு பொய் சொன்னேன்க்கா. தப்புத்தான். நீங்க இத்தினி மாசமா நான் எங்க போறேன், யார்கிட்ட பேசறேன்னு பாத்துக்கினே இருந்தீங்களே, அதுக்குப் பேரு இன்னா?"

"உன் நல்லதுக்குத்தான் பார்த்துண்டேன். நீ இருட்டோட பஸ் ஏறி வரவ. ஏதாவது ஒண்ணுன்னா யாரு கேக்கறது?"

அந்தப் பதிலில் பொய் இல்லை. கேட்டுவிட்டுப் பார்த்திருக்கலாமே என்று ரத்னா சொல்ல நினைத்தாள். கேட்டிருந்தால் நாமே சரி என்று தலையாட்டியிருப்போம் என்பதும் தெரிந்தது. செருப்பைத் தேடினாள்.

வசுமதி போனை எடுத்து அமைப்புகளுக்குள் போய் ஏதோ அழுத்தினாள். திரை வெறும் வெள்ளையாக மாறியது. பிறகு, கதவுவரை வந்து, பழைய குரலிலேயே சொன்னாள்:

"இதுல எல்லாத்தையும் அழிச்சுட்டேன். நீ எடுத்த ஃபோட்டோவெல்லாம் போயிடுத்தேன்னு கவலைப்படாதே, அதெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கோ."

ரத்னா படியிறங்கினாள்.

இப்போது பெரும்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே அபார்ட்மென்டில் மூன்று வீட்டில் வேலை. எல்லாம் லிஃப்ட் இல்லாத நாலாவது, ஐந்தாவது மாடி. இரண்டாம் கையாக ஒரு ஆண்ட்ராய்டு வாங்கி, எழுத்தைக் குண்டாக்கி, சின்னப்பையனைக் கத்தவைத்திருக்கிறாள். அடையாரில் அதற்குப் பிறகு அவள் இறங்குவதில்லை. கயல் காலேஜில் சேர்ந்த அன்று, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நின்ற படம் ஒன்றுதான் உண்டு, அது ஐபோனில் எடுத்தது. கயல் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ரத்னா போய் வாங்கவில்லை. மகளின் படம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.