கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள்

அம்மாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது இரண்டே பாடங்கள். கைப்பேசியில் எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் பயப்பட வேண்டாம், பேக் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் வந்த வழியே வெளியே வந்துவிடலாம் என்பது முதல் பாடம். அரசாங்கப் படிவம் எதையாவது நிரப்பும்போது பாதியில் மூடிவிடக் கூடாது, மூடினால் எல்லாம் முதலிலிருந்து என்பது இரண்டாவது. அம்மா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. வீட்டில் டிப்ளோமா வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால், ரெங்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரைக்கும் கைப்பேசி வாத்தியார் நான்தான். பாடங்களில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கெடுத்தது வேறு யாரோ என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். பாஸ், படங்கள் வரையும் ஒரு மலாய்ப் பெண், நான். சிறு வியாபாரிகளுக்கு இணையப் பக்கம் செய்துகொடுப்பது தொழில். கல்யாண ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனம் வந்தது. ஆட்கள் பக்கத்துக்கு வருகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள் என்பது அவர்கள் குறை.

பாஸின் குடும்பத்துக்கு, அவர் அப்பா நடத்திய சாப்பாட்டுக் கடை இருந்தது. பாஸின் எல்லா யோசனையும் அந்தக் கடையிலிருந்துதான் பிறக்கும்.

“எங்க அத்தா, சாப்பிட்டு எழுந்தவங்கள சும்மா அனுப்ப மாட்டாரு தம்பி. கையப் புடிச்சு, ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போங்கன்னு உக்கார வச்சிருவாரு. நம்ம பக்கமும் அப்படித்தான் இருக்கணும்.”

விருந்தோம்பலை நிரலாக எழுதும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் எழுதினேன். ஒருவர் பார்த்த பக்கங்களையெல்லாம் பிரவுசர் வரிசையாக நினைவில் வைத்திருக்கும். பேக் பட்டனை அமுக்கினால் அந்த வரிசையில் ஒரு படி பின்னால் போகும். நான் அந்த வரிசைக்குள் எங்கள் பக்கத்தையே திரும்பத் திரும்பச் செருகினேன். எத்தனை தடவை பின்னால் போனாலும் எங்களிடமே வந்து சேர்வார்கள்.

மலாய்ப் பெண்தான் அது பலிக்காது என்றாள். இப்போதைய பிரவுசர்கள் இந்த வித்தையைத் தெரிந்துவைத்திருக்கின்றன, ஆள் தொடாமல் பக்கம் தானாகச் செருகியதை பேக் பட்டன் தாண்டிப் போய்விடும் என்று விளக்கினாள். இதைச் செய்வது நன்றாகவும் இல்லை என்று சேர்த்துச் சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் தொழில்நுட்பக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆள் தொட்டால் காவல் விலகிவிடும் என்றால், தொட வைத்தால் போயிற்று. பக்கம் திறந்ததும் ஒரு சந்தனக் கிண்ணம், பக்கத்தில் குங்குமம், கற்கண்டு. ‘வாருங்கள், சந்தனம் எடுத்துக்கொள்ளுங்கள்.’ கிண்ணத்தைத் தொட்டவர், விரும்பித்தான் வந்திருக்கிறார் என்று பிரவுசர் நம்பிவிடும். அதன்பிறகு பேக் பட்டனை அமுக்கினால் குத்துவிளக்குப் படத்தோடு ஓர் அட்டை எழும். ‘போகிறீர்களா? கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள்.’ அதன் கீழே பெரிய சிவப்பு எழுத்தில் ‘இருக்கிறேன்’, சிறிய சாம்பல் எழுத்தில் ‘போகிறேன்’. ‘இருக்கிறேன்’ என்பதைத் தொட்டால் அதுவும் ஒரு தொடல், பூட்டு புதுப்பிக்கப்படும். ‘போகிறேன்’ உண்மையாகவே வெளியே விட்டுவிடும். நான் நேர்மையானவன், அந்தப் பட்டனை ஏமாற்றாமல் வேலை செய்ய வைத்தேன்.

மரியாதை தெரியாதவர்கள் கிண்ணத்தைத் தொடாமல் உடனே வெளியேறிவிடலாம். மாட்டிக்கொள்வது மரியாதை தெரிந்தவர்கள் மட்டும்தான். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பக்கம் வெளியான அன்று காலைதான் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அப்பா, எங்கள் வீடு இருக்கும் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். வலது கண்ணில் புரை முற்றி, எதிரே வரும் விளக்குகள் பூசணிக்காய் மாதிரித் தெரிகின்றன என்று அவரே சொன்னதால் வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டிவரும் பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது, பன்னிரண்டு மணிக்குள் உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றது செய்தி. பதினொன்றரைக்கு அம்மா படிவத்தில் அடையாள எண்ணைத் தட்டி, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணுக்காகக் காத்திருந்தார். எண் வந்தது. அதன் பின்னாலேயே, எங்கள் பக்கத்தின் இணைப்போடு என் செய்தியும் போனது. ‘மா, நான் செஞ்சது. முழுக்கத் தமிழ். பாருங்க.’

மத்தியானம் பாஸ் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வந்தவர்கள் பெரும்பாலும் வழக்கம்போல ஓடியிருந்தார்கள். ஒருவர் மட்டும் பாசிர் கூடாங்கிலிருந்து வந்து, நாற்பது நிமிடம் தங்கி, முப்பத்தேழு தடவை ‘இருக்கிறேன்’ என்று சொல்லியிருந்தார்.

“வீட்டுல கண்டிப்பா கல்யாணம் தம்பி. பொண்ணு வீடா இருக்கும்,” என்றார் பாஸ். கீழ்க்கடையிலிருந்து எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், வந்தது. நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சாதம் போட்டார். இடம் போய்விட்டது என்று அப்பாதான் சொன்னார். அப்புறம் அம்மா மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பாஸின் திரையில் பார்த்த எண்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. என் செய்தியைத் தொட்டதும் படிவம் இருந்த இடத்தில் என் பக்கம் வந்துவிட்டது. பேக் பட்டனை அமுக்கினால் வெளியே வந்துவிடலாம் என்று நான் சொன்னதால் அமுக்கியிருக்கிறார். மூடக் கூடாது என்று நான் சொன்னதால் மூடவில்லை. என்னைக் கூப்பிடலாம் என்றால், வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்றும் நான் எப்போதோ சொல்லியிருந்தேன். அது மூன்றாவது பாடம், கணக்கில் விட்டுப்போயிருந்தது.

“ஏம்மா, கீழ சின்னதா ‘போகிறேன்’னு இருந்திச்சே. அத அமுக்கியிருக்கலாமே?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“கல்யாண வீட்டுல சந்தனம் எடுத்துட்டு, போறேன்னு மூஞ்சிக்கு நேரா யாராச்சும் சொல்லுவாங்களா? அதுவும் நீ செஞ்சது. மொத நாளு. அபசகுனமா நான் வாயத் தொறக்கணுமா?”

“அது வெறும் பட்டன்மா.”

“அப்ப எதுக்கு அவ்வளவு மரியாதையா கேட்டிச்சு?”

அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தார்.

“விடு லா. நீ செஞ்சது ரொம்ப அழகா இருக்குன்னு உங்கம்மா சொன்னா. எனக்குத்தான் சரியாத் தெரியல.”

அவர் அதைக் கிண்டலாகச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் கிண்டலாகப் பேசும்போதும் முகம் அப்படியேதான் இருக்கும்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது, பெயர் பட்டியலில் இருக்கிறது, செய்தி வரும் என்றார். காரணம் என்னவென்று கேட்டபோது இணையக் கோளாறு என்றேன். உண்மையிலிருந்து அதிகம் விலகவில்லை.

அதற்கடுத்த நாள் பாஸிடம், முப்பத்தேழு தடவை இருந்தவர் என் அம்மா என்று சொன்னேன். அவங்களுக்குப் பிடிச்சிருந்திச்சா என்று கேட்டார் அவர்.

“பாஸ், உங்க அத்தா கையப் புடிச்சாரு, சரி. கதவப் பூட்டினாரா?”

“பூட்டல,” என்றார். நன்றாக யோசித்துவிட்டு, “ஆனா தே குடிக்காமப் போனவங்கள அவரு மறக்கவும் மாட்டாரு,” என்றார்.

பூட்டை எடுத்துவிட்டேன். சந்தனக் கிண்ணம் மட்டும் இருக்கட்டும் என்று பாஸ் கேட்டுக்கொண்டார். மலாய்ப் பெண் அன்றைக்குத் தான் தின்ன வாங்கிவந்த கரிபாப் பலகாரத்தில் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா நான்கு மாதம் பஸ் கழுவினார். அடுத்த செய்தி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. உதவி செய்யலாம் என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா என் கைப்பேசியை வாங்கி அரிசி டின் மேல் வைத்தார். என்னை வீட்டுக்கு வெளியே அடுக்குமாடி நடைபாதையில் போய் நிற்கச் சொன்னார். “ஒண்ணும் அனுப்பாதே. ஒண்ணும் சொல்லாதே. நில்லு.”

நின்றேன். கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்புவதற்குள் அம்மா கதவைத் திறந்து, இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணி, வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார். அப்பா உள்ளேயிருந்து, அப்படியென்றால் முந்தின நாள் ராத்திரி தோசை வேண்டும் என்றார்.

அதன்பிறகுதான் அம்மா என் பக்கத்தைக் காட்டச் சொன்னார். திறந்து கொடுத்தேன். சந்தனக் கிண்ணத்தை விரல் நுனியால் தொட்டார். படங்களையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு பேக் பட்டனை அமுக்கினார். பக்கம் உடனே மறைந்து, பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அம்மா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, இருங்கன்னு ஒரு வார்த்தகூடச் சொல்லல?”